கையெழுத்துப் போடாதவர் யார்? வீடு வாங்க, விற்க, கடன் மாற்ற வழக்கறிஞர் எதற்கு

போனை எடுத்துப் பதிவுத் துறையின் இணையதளத்தைத் திறந்து, ஊர் பெயரையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் ஒரு வீட்டின் வில்லங்க விவரம் சில நிமிடங்களில் திரையில் வந்துவிடும். வருவாய்த் துறையின் இ-சேவை தளத்தில் பட்டா, சிட்டா, புல வரைபடம் எல்லாம் இருக்கின்றன. வழிகாட்டி மதிப்பையும் வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்.

இத்தனையும் கைக்குள் இருக்கும்போது, வீடு வாங்க எதற்கு ஒரு வக்கீல்? பலரும் கேட்கும் கேள்வி இது. புரோக்கர் இருக்கிறார், பத்திரம் எழுதுபவர் இருக்கிறார், பேங்க் வேறு பார்த்துவிடும். இன்னொருவருக்கு எதற்கு ஃபீஸ் என்று தோன்றுவது இயல்புதான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வில்லங்கச் சான்று, கையெழுத்துப் போட்டவர்களைக் காட்டும். கையெழுத்துப் போட்டிருக்க வேண்டியவர்கள் யார் என்பதைக் காட்டாது. அந்த விடுபட்ட பெயரைக் கண்டுபிடிப்பதுதான் வழக்கறிஞரின் முதல் வேலை. அது எப்படி என்பதை இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்க்கலாம்.

யார் யாருக்காக வேலை பார்க்கிறார்கள்?

ஒரு வீட்டு விற்பனையில் பல பேர் காகிதங்களைப் பார்க்கிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே விஷயத்தைப் பார்ப்பதில்லை.

சார்பதிவாளர்: பத்திரம் முறையாக எழுதப்பட்டிருக்கிறதா, முத்திரைத் தீர்வை சரியா, வந்திருப்பவர் அவர்தானா, பதிவு செய்யத் தடை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறார். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவாவது ஆவணம்தான். பதிவாகிவிட்டது என்பதாலேயே விற்றவருக்கு உரிமை இருந்தது என்று ஆகிவிடாது. 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டின் பதிவு விதி ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று விசாரித்துத் தீர்மானிப்பது பதிவு அலுவலரின் வேலை அல்ல.

ஆவண எழுத்தர்: நீங்கள் கொடுக்கும் விவரங்களை வைத்துப் பத்திரத்தைத் தயார் செய்கிறார். அனுபவசாலிகள் பலர் இருக்கிறார்கள். ஆனால் முப்பது வருடக் குடும்ப வரலாற்றைத் தோண்டிப் பார்த்து எழுத்தில் பொறுப்பேற்பது அவருடைய வேலை இல்லை.

வங்கி: வங்கியின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர் காகிதங்களைப் பார்க்கிறார். அவர் அறிக்கை கொடுப்பது வங்கிக்கு. வங்கியின் கவலை தான் கொடுத்த கடனுக்கு ஈடு இருக்கிறதா என்பது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பின் 90 சதவீதம் வரையும், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 சதவீதம் வரையும் கடன் தரலாம். மீதி உங்கள் சேமிப்பு. நாளைக்கு வீட்டின் உரிமையில் சிக்கல் வந்தாலும், வாங்கிய கடனைக் கட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

புரோக்கர்: விற்பனை முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை, நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நீங்கள் அமர்த்தும் வழக்கறிஞர்: "வேண்டாம், வாங்காதீங்க" என்று சொன்னாலும் ஃபீஸ் வாங்கக்கூடிய ஒரே ஆள் இவர்தான். அதனால்தான் இவருடைய வார்த்தைக்கு மதிப்பு.

இங்கிலாந்தில் உறவினர்கள் இருப்பவர்கள் 'சொலிசிட்டர்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அங்கே வீடு கைமாறும் வேலை பெரும்பாலும் அவர்கள் மூலமாகவே நடக்கிறது. அங்கே நிலப் பதிவகம், இந்த இடத்துக்கு இவர்தான் உரிமையாளர் என்று அரசு உத்தரவாதத்தோடு பதிவு வைத்திருக்கிறது. நம்மிடம் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி வழக்கறிஞர் என்ற ஒரே பிரிவுதான். அதோடு, அப்படிப்பட்ட உத்தரவாதப் பதிவேடும் இங்கே இல்லை. உரிமையைப் பத்திரங்களின் சங்கிலியை வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும். ஆகவே அந்தச் சங்கிலியைப் படிக்கத் தெரிந்தவரின் வேலை இங்கே இன்னும் முக்கியமாகிறது.

ஒரு உதாரணம்: காகிதம் எல்லாம் சுத்தம், ஆனால் வீடு பாதிதான்

கற்பனையாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வில்லங்கச் சான்றில் இப்படி இருக்கிறது:

1978: ஒரு பெரியவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கினார்.
2007: அவருடைய இரண்டு மகன்கள் பாகப் பிரிவினைப் பத்திரம் பதிந்தார்கள். இந்த வீடு இளைய மகனுக்கு, வேறொரு சொத்து மூத்தவருக்கு.
2014: இளைய மகன் வீட்டை ஒருவருக்கு விற்றார்.
இப்போது: 2014-இல் வாங்கியவர் உங்களுக்கு விற்க வருகிறார்.

அடமானம் இல்லை. கோர்ட் ஜப்தி இல்லை. பட்டா அவர் பெயரில். வீட்டு வரி கட்டிய ரசீது கையில். போனில் பார்த்தால் எல்லாமே பச்சை விளக்குதான்.

வழக்கறிஞர் 1978-க்கும் 2007-க்கும் நடுவில் விரலை வைப்பார். "பெரியவர் எப்போது இறந்தார்? உயில் எழுதினாரா? வாரிசுச் சான்று எங்கே?"

கேட்டுப் பார்த்தால் விவரம் வருகிறது. பெரியவர் 1996-இல் உயில் எழுதாமல் இறந்தார். அப்போது மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் இருந்தார்கள். மகள்கள் கல்யாணமாகி வெளியூரில். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொந்தச் சொத்து மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமமாகப் போகும். பெரியவரின் தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு சம பங்கு உண்டு. இங்கே தாயார் முன்பே காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆக, ஐந்து பேர், ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு.

2005-இல் அந்த அம்மாவும் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய பங்கு நான்கு பிள்ளைகளுக்கும் சமமாகப் போனது. இப்போது ஆளுக்கு நாலில் ஒரு பங்கு.

அதாவது 2007-இல் மகன்கள் இரண்டு பேர் பிரித்துக்கொண்ட வீட்டில் பாதி, இரண்டு மகள்களுடையது. அவர்கள் அந்தப் பத்திரத்தில் இல்லை. இளைய மகன் 2014-இல் விற்க முடிந்தது, அண்ணன் விட்டுக்கொடுத்ததையும் சேர்த்து, பாதி வீட்டைத்தான். நீங்கள் முழு விலை கொடுத்து வாங்கப் பார்ப்பதும் அந்தப் பாதியைத்தான்.

"கல்யாணமானப்போ நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, அவங்க கேட்க மாட்டாங்க" என்று யாராவது சொல்வார்கள். நகையும் சீரும் சட்டத்தின் கண்ணில் பங்கை விட்டுக்கொடுத்த ஆவணம் ஆகாது. மகள்கள் பாகப் பிரிவினை கேட்டு நீதிமன்றம் போகலாம். அவர்கள் கேட்காவிட்டாலும் அவர்களுடைய பிள்ளைகள் கேட்கலாம்.

இதற்குத் தீர்வும் இருக்கிறது, அதைச் சொல்வதும் வழக்கறிஞர்தான். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மகள்கள் இருவரிடமிருந்தும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து வாங்கித் தரும்படி விற்பவரிடம் கேட்கலாம். அல்லது உங்கள் கிரயப் பத்திரத்திலேயே அவர்களையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கலாம். ஒத்துவரவில்லை என்றால் வேறு வீடு பார்க்கலாம். இந்த மூன்று வழியும் பணம் கைமாறுவதற்கு முன்பு மட்டும்தான் சுலபம்.

ஒரு குறிப்பு. இது இந்துக் குடும்பத்துக்கான கணக்கு. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசு விதிகள் வேறு. பூர்வீகச் சொத்து என்றால் இந்துக் குடும்பத்திலேயே கணக்கு மாறும். தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதற்கும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை தந்தன. எந்தக் கணக்கு எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதைப் பொதுக் கட்டுரையை வைத்து முடிவு செய்யக் கூடாது, இந்தக் கட்டுரையையும் சேர்த்துத்தான்.

வழக்கறிஞர் கேட்கும் கேள்விகள்

வழக்கமாக 30 ஆண்டு அல்லது அதற்கும் முந்தைய காலத்திலிருந்து ஆவணங்களைப் பார்ப்பார்கள். அப்போது இந்த இடங்களில் நின்று கேட்பார்கள்:

மூலப் பத்திரம் எங்கே? விற்பவர் காட்டும் பத்திரத்தை, சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய சான்றிட்ட நகலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். "ஒரிஜினல் தொலைஞ்சு போச்சு" என்றால் உஷாராக வேண்டும். அது எங்காவது தனியாரிடம் பணத்துக்கு ஈடாகவும் இருக்கலாம்.

பவர் வாங்கி விற்கிறாரா? பொது அதிகார ஆவணம் கொடுத்தவர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும். கொடுத்தவர் இறந்தால் பவர் பொதுவாகச் செத்துப்போகும். பவரும் ஒப்பந்தமும் மட்டும் எழுதிக்கொண்டு 'வீட்டை வாங்கிவிட்டேன்' என்று சொல்ல முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2011-இலேயே உறுதி செய்துவிட்டது. பதிவான கிரயப் பத்திரம் வேண்டும்.

மைனர் பங்கு இருந்ததா? 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, மைனருக்குச் சொந்தமான தனிச் சொத்தை அப்பாவோ அம்மாவோ விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அது இல்லாமல் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை மேஜரான பிறகு விற்பனையை எதிர்க்க முடியும்.

வழக்கு இருக்கிறதா? நிலுவையில் உள்ள வழக்கு எல்லாமே வில்லங்கச் சான்றில் வராது. வழக்கு நடக்கும்போது வாங்கினால், 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும். இ-கோர்ட்ஸ் செயலியில் விற்பவரின் பெயரைப் போட்டு நீங்களே ஒரு முறை தேடிப் பார்க்கலாம். பெயரின் எழுத்து மாறினாலும் தேடுவதை வழக்கறிஞரிடம் விடலாம்.

நிலம் என்ன வகை? கோயில் நிலம், வக்ஃபு நிலம், அரசு புறம்போக்கு, பஞ்சமி நிலம் போன்றவற்றுக்குத் தனிச் சட்டக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. மனைப் பிரிவு என்றால் சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். புதிய அடுக்குமாடி என்றால் தமிழ்நாடு ரெரா பதிவு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டும் திட்டத்துக்கு ரெரா பதிவு கட்டாயம்.

பட்டா இருக்கிறதே, போதாதா? போதாது. பட்டா என்பது வருவாய்த் துறை ஆவணம். உரிமைக்கு அது துணைச் சான்று. பத்திரச் சங்கிலி உடைந்திருந்தால் பட்டா மட்டும் அதை ஒட்டவைக்காது.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சொத்து மாற்றச் சட்டத்தின்படி, ஒரு சொத்து பற்றி முறையாகப் பதிவான ஆவணம் இருந்தால், அது வாங்குபவருக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாதுங்க, யாரும் சொல்லல" என்ற பதில் நீதிமன்றத்தில் நிற்காது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே போங்க

வழக்கறிஞரிடம் வருகிறவர்களில் பலர் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் வருகிறார்கள். அதற்குள் பேரம் பேசும் பலம் போய்விடுகிறது. வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் நகல் காகிதங்கள், பிறகு வழக்கறிஞரின் எழுத்துப்பூர்வமான கருத்துரை, அதன் பிறகு ஒப்பந்தமும் அட்வான்ஸும்.

விற்பனை ஒப்பந்தத்தில் மொத்த விலை, முன்பணம், மீதியைக் கொடுக்க வேண்டிய கெடு, உரிமையில் குறை தெரிந்தால் முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வேண்டும், குடியிருப்பவர்களை யார் காலி செய்வது, பழைய வரி, மின்கட்டண பாக்கி யார் பொறுப்பு என்பதெல்லாம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு விற்பனை ஒப்பந்தமும் பதிவு செய்ய வேண்டிய ஆவணம். பில்டரிடம் வாங்குகிறீர்கள் என்றால், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கக் கூடாது என்று ரெரா சட்டம் சொல்கிறது.

பணம் வங்கி வழியாகவே போகட்டும். வீடு, நில விற்பனைக்கு 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக முன்பணம் வாங்க வருமான வரிச் சட்டம் தடை போட்டிருக்கிறது. வீட்டின் விலை 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் விதியே வேறு, கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்திரம் எழுதும் நாளும் அதற்குப் பிறகும்

பதிவுத் துறை இணையதளத்தில் மாதிரிப் பத்திரங்கள் இருக்கின்றன. அவற்றைப் படித்துப் பார்த்துவிட்டுப் போனால், வரைவு கைக்கு வரும்போது கேள்வி கேட்க வசதியாக இருக்கும். வரைவைப் பதிவு நாளன்று காலையில் முதல் முறையாகப் பார்க்காதீர்கள். இரண்டு நாள் முன்பே வாங்கி, சர்வே எண், உட்பிரிவு எண், அளவு, நான்கு எல்லை, அடுக்குமாடி என்றால் பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினால்கூடப் பிறகு பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு அலைய வேண்டும்.

கிரயத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் உண்டு. 50 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 4.5 லட்சம் ரூபாய். அத்தனை பணத்தைக் கட்டி முடித்த பிறகு குறை தெரிவதைவிட, அதற்கு முன்பே ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கும் ஃபீஸ் மிகச் சிறியது. எழுதிக் கையெழுத்திட்ட பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பதிவு முடிந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். சில நாள் கழித்து மறுபடியும் வில்லங்க விவரம் பார்த்து, உங்கள் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு ஆகியவற்றின் பெயர் மாற்றத்தையும் கையோடு முடித்துவிடுங்கள்.

விற்பவருக்கும் வக்கீல் வேண்டுமா?

வேண்டும். சொத்தில் உள்ள முக்கியமான குறைகளை, வாங்குபவரால் சாதாரணமாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதவற்றை, விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. மறைத்தால் பிறகு பதில் சொல்ல வேண்டிவரும்.

பத்திரங்களில் "பின்னாளில் ஏதும் வில்லங்கம் வந்தால் விற்பவரே தன் சொந்தப் பொறுப்பில் ஈடுகட்டுவார்" என்ற வரி வழக்கமாக இருக்கும். பலர் அதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போடுகிறார்கள். அதன் எல்லை என்ன என்பதை உங்கள் வழக்கறிஞர் விளக்கட்டும். மீதிப் பணம் உங்கள் கணக்கில் வந்துசேர்ந்ததா, வங்கி வரைவோலை உண்மையானதா என்று உறுதி செய்த பிறகே கையெழுத்து. வீட்டின் மேல் கடன் பாக்கி இருந்தால், வாங்குபவரின் பணத்தில் எவ்வளவு வங்கிக்கு, எவ்வளவு உங்களுக்கு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கடனை வேறு வங்கிக்கு மாற்றும்போது

வட்டி குறைகிறது என்று வீட்டுக் கடனை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. வீடு கைமாறவில்லை, ஆனால் காகிதம் கைமாறுகிறது. கவனம் தேவைப்படுவது அங்கேதான்.

வீட்டுக் கடன் வாங்கும்போது மூலப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்து, எம்.ஓ.டி. என்று சொல்லப்படும் ஆவணத்தைப் பதிவு செய்கிறோம். அது வில்லங்கத்தில் ஏறிவிடும். கடன் முடிந்தால் அது தானாக இறங்காது. பழைய வங்கி ரசீதுப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அதையும் பதிவு செய்தால்தான் கணக்கு முடியும். "லோன் முடிஞ்சாச்சு, என்.ஓ.சி. வாங்கியாச்சு" என்று விட்டுவிட்டால், பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது பழைய கடன் வில்லங்கத்தில் அப்படியே நிற்கும்.

இங்கே நான்கு விஷயங்களைப் பாருங்கள்:

ஒன்று, வங்கியிடம் இருக்கும் ஆவணங்களின் பட்டியலை எழுத்தில் வாங்கி, நீங்கள் ஒப்படைத்த பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு, கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. தாமதம் வங்கியால் என்றால் ஒரு நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஆவணம் தொலைந்தால் நகல் எடுத்துத் தரும் செலவும் அவர்களுடையது.

மூன்று, மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி முடிக்கத் தண்டக் கட்டணம் வாங்கக் கூடாது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

நான்கு, புதிய எம்.ஓ.டி. பதிவுச் செலவு, பரிசீலனைக் கட்டணம், சட்டக் கருத்துரைக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, மிச்சமாகும் வட்டியோடு ஒப்பிடுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகள் கடனின் முக்கிய விவரங்களை ஒரே தாளில் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, புரியாத வரியை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

எப்படித் தேர்வு செய்வது? காசு இல்லாவிட்டால்?

சிவில், சொத்து வேலை பார்க்கும் வழக்கறிஞராகப் பாருங்கள். பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. விற்பவருக்கோ பில்டருக்கோ அவரே வேலை பார்க்கிறாரா என்று கேளுங்கள், பார்க்கிறார் என்றால் உங்களுக்கு வேறொருவர். கருத்துரை மட்டுமா, ஒப்பந்தமும் பத்திரமும் சேர்த்தா, பதிவுக்கு உடன் வருவாரா என்பதை முன்பே பேசி, ஃபீஸை எழுத்தில் வாங்குங்கள். "பார்த்தேன், நல்லா இருக்கு" என்ற வாய்வார்த்தை போதாது. எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தார், எது குறைகிறது என்று கையெழுத்துப் போட்ட அறிக்கை வேண்டும்.

ஃபீஸ் கொடுக்க வழி இல்லாதவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். குறைந்த வருமானம் உள்ள மற்றவர்களும் கேட்கலாம். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் வழி கேட்கலாம். நம் உதாரணத்தில் விடுபட்டுப்போன அந்த இரண்டு மகள்களுக்கும் இதே கதவுதான்.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் முன் போனில் சேர்த்து வையுங்கள்

- 30 ஆண்டுக்குக் குறையாத வில்லங்க விவரம். இணையத்தில் இல்லாத பழைய காலத்துக்கு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.
- பட்டா, சிட்டா, புல வரைபடம். நகரம் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல்.
- விற்பவரின் பத்திரம், அதற்கு முந்தைய பத்திரங்கள் எல்லாவற்றின் நகல்.
- இறந்துபோன ஒவ்வொரு உரிமையாளருக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று.
- கட்டட வரைபட அனுமதி, வீட்டு வரி ரசீது, மின்கட்டண ரசீது.
- ஒரு தாளில் குடும்ப மரம்: யார், யாருடைய பிள்ளை, யார் இப்போது இல்லை.

கடைசியில் சொன்ன அந்தத் தாளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அதை ஒரு கையிலும் வில்லங்கச் சான்றை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, மரத்தில் இருந்து பத்திரத்தில் இல்லாத பெயர் எது என்று தேடுங்கள். ஒரு பெயராவது கிடைத்தால், பணத்தை எடுக்காமல், முதலில் வழக்கறிஞருக்குப் போன் செய்யுங்கள்.